இலவசத் திரையின் விலை

விலையின்றிக் கிடைக்கும் பொருள்கள் மூவகைப்படும். இயற்கை வழங்குவன முதல் வகை. மழையும் வெயிலும் காற்றும் இவ்வகையின. ஒருவர் விலை கொடுக்க மற்றவர் துய்ப்பன இரண்டாம் வகை. கோயிலில் இடப்படும் அன்னதானமும், வரிப்பணத்தால் நடைபெறும் பள்ளிக் கல்வியும் இவ்வகையின. தூண்டில் முனையில் மீனுக்கென மாட்டப்படும் புழு மூன்றாம் வகை. முதலிரு வகைகளையும் தோட்டத்துத் தமிழர் நன்கறிவர். மூன்றாம் வகையை அறியத் தவறினர். அத்தவற்றின் பயன் இப்பொழுது வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

கைப்பேசியிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் இணையத்தின் வழியே படம், தொடர், விளையாட்டு ஆகியவற்றைக் காட்டும் சேவைகள் பல, தொடக்கத்தில் காசு கேட்கவில்லை. வருந்தி வருந்தி அழைத்தன. பார்த்துப் பழகியவர்களிடம் இப்பொழுது சந்தா கேட்கின்றன. கேட்ட மாத்திரத்தில் எங்கும் ஒரே கூக்குரல்: “ஏமாற்றிவிட்டார்கள்!” இக்கூக்குரலில் பாதி உண்மை, பாதி பேதைமை. எது உண்மை, எது பேதைமை என்று பிரித்துக் காண்பது தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் கடமையாகும். ஏனெனில், இவ்விவகாரத்தில் இழக்கப்படுவது வீட்டுப் பணம் மட்டுமன்று. தமிழுக்கு விலை கொடுக்கும் பழக்கமே இழக்கப்படுகிறது.

தூண்டில் இடப்பட்ட விதம்

இந்தியாவில் அண்மையில் நிகழ்ந்ததை முதலில் நோக்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பார்க்கப்படும் தொடர்களும் படங்களும் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருபவை. அங்குள்ள திரைவணிகம் எவ்வழி செல்கிறதோ அவ்வழியே இங்குள்ள வீடுகளும் இழுக்கப்படும்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்டார் இந்தியா நிறுவனம் ஹாட்ஸ்டார் என்னும் சேவையைத் தொடங்கியது. அவ்வாண்டு நடைபெற்ற உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி அதற்கு நல்ல நுழைவாயிலாக அமைந்தது. விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்வோர் காசின்றிப் பார்க்கலாம் என்பதே அதன் அழைப்பு. மறு ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் தன் தொலைபேசிச் சேவையைத் திறந்து, இணையத்தையே இலவசமாக வழங்கியது. 170 நாளில் பத்துக் கோடிப் பேர் அதில் சேர்ந்தனர். 2017 மார்ச் 31 வரை நீடித்த அவ்விலவசம், ஏப்ரலில் கட்டணமாயிற்று. 2024 ஜூலையில் அக்கட்டணம் மீண்டும் உயர்ந்தது.

இனித் திரையின் கதை. 2020இல் ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டிகளை ஹாட்ஸ்டார் சந்தா கட்டியோர்க்கு மட்டும் உரியதாக்கியது. இரண்டாண்டுக்குப் பின் நடந்த ஏலத்தில், 2023 முதல் 2027 வரை அப்போட்டிகளை இந்தியத் துணைக்கண்டத்தில் இணையவழிக் காட்டும் உரிமையை, ரிலையன்சைச் சார்ந்த வயாகாம்18 நிறுவனம் 20,500 கோடி ரூபாய்க்குப் பெற்றது. அத்துணைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியவர், ஜியோசினிமா என்னும் செயலி வழியே 2023இல் அப்போட்டிகளை யாவர்க்கும் இலவசமாகக் காட்டினர். வாடிக்கையாளரை இழந்த ஹாட்ஸ்டாரும் வேறு வழியின்றி, அதே ஆண்டின் ஆசியக் கிண்ணத்தையும் உலகக் கிண்ணத்தையும் கைப்பேசியில் இலவசமாக்கியது. பார்ப்பவர் பாடு கொண்டாட்டமாயிற்று.

கொண்டாட்டம் எத்துணைக் காலம்? 2024 நவம்பரில் இரு பக்கத்துத் தொழில்களும் ஒன்றாய் இணைந்தன. 2025 பிப்ரவரி 14ஆம் நாள் இரு செயலிகளும் ஜியோஹாட்ஸ்டார் என்னும் ஒரே பெயரில் வெளிவந்தன. அவ்வாண்டின் ஐ.பி.எல். போட்டிகளைச் சில நிமிடங்கள் பார்க்கலாம். மேலும் பார்க்கச் சந்தா கட்டவேண்டும் என்றாயிற்று. கைப்பேசிக்கான மிகக் குறைந்த சந்தா அப்பொழுது மூன்று திங்களுக்கு 149 ரூபாயாயிருந்தது.

இவ்வரலாற்றில் மாணவர் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வணிகர் இருவர் போட்டியிட்ட காலத்தில் இலவசம் பெருகிற்று; இருவரும் ஒருவரானபோது கட்டணம் பிறந்தது. ஆகவே அவ்விலவசம் பார்ப்பவர்மீது கொண்ட அன்பினால் எழுந்ததன்று. எதிரியை வீழ்த்தவும் பழக்கத்தை ஊன்றவும் செலவிடப்பட்ட முதலீடு அது. முதலீட்டைத் திரும்பப் பெறுவது வணிகத்தின் இயல்பு.

இஃது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டி வளர்ந்த ஹுலு என்னும் சேவை, 2016இல் தன் இலவசக் கதவை மூடிற்று. கோலாலம்பூரிலேயே 2015இல் பிறந்த ஐபிளிக்ஸ், குறைந்த சந்தாவில் தொடங்கிப் பின்னர் விளம்பரத்தோடு கூடிய இலவசத்தையும் முயன்று பார்த்தது. 2020இல் அதன் உடைமைகளைச் சீனத்தின் டென்சென்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. தமிழ்த் தொடர்களின் செய்தியும் வேறன்று. முழுப் பகுதிகளாக யூடியூபில் கிடைத்துவந்த தொடர்கள் பல, பின்னர் அங்கே முன்னோட்டமாகச் சுருங்கின. முழுமை வேண்டுவோர் சந்தாச் செயலிக்குச் செல்ல வேண்டியவராயினர். சன் குழுமம் தன் சன் நெக்ஸ்ட் செயலியை 2017இல் தொடங்கியது. ஹாட்ஸ்டார் 2021 ஜூன் முதல் நாள் டிஸ்னி நிறுவனத்தின் பெயரோடு மலேசியாவுக்கு வந்தபோது, இலவசம் என்னும் முன்னுரைகூட இல்லை. மூன்று திங்களுக்கு 54 வெள்ளி 90 காசு என்னும் விலையோடுதான் வந்தது.

கட்டணம் கேட்பது குற்றமா?

கட்டணம் கேட்பதே குற்றம் என்று கூறுவது பேதைமை. ஒரு தொடரில் நடிப்பவர், எழுதுபவர், ஒளிப்பதிவு செய்பவர், ஒப்பனை செய்பவர், விளக்குத் தூக்குபவர் ஆகிய அனைவர்க்கும் வயிறுண்டு. பால்மரம் வெட்டியவருக்குக் கூலி வேண்டும் என்று போராடிய சமுதாயம், திரைத்தொழிலாளர்க்குக் கூலி வேண்டா என்று கூறுதல் முறையன்று.

மேலும், பழைய ஒளிபரப்புக்கும் இணைய ஒளிபரப்புக்கும் செலவுமுறை வேறு. சிரம்பானுக்கு அருகே தெலாபாக் பூரோக் மலையுச்சியில் அரசாங்க ஒளிபரப்பு நிலையம் நிற்கிறது. அங்கிருந்து புறப்படும் அலையைப் பத்து வீட்டார் வாங்கினும், பதினாயிரம் வீட்டார் வாங்கினும் நிலையத்தின் செலவு பெரிதும் மாறுவதில்லை. ஊர் நடுவே அடிக்கும் கோயில்மணி போன்றது அது. கேட்பவர் பெருகுவதால் மணி தேய்வதில்லை. இணையவழியோ அவ்வாறன்று. பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காட்சியை அனுப்பவேண்டும். ஆயிரம் பேர் கூடினால் ஆயிரம் பேருக்குரிய கணினித் திறனும் கம்பிவழியும் கூடவேண்டும். எனவே கூட்டம் பெருகப் பெருகச் செலவும் பெருகும். விளம்பர வருவாய் அதனை ஈடுசெய்யாவிடின், யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும்.

இன்னுமொன்று. அவ்விலவசம் பார்ப்பவருக்கும் உண்மையில் இலவசமாயிருந்ததில்லை. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரக் காட்சிக்கு ஒரு கிகாபைட் வரை இணைய அளவு செலவாகும். இரவுதோறும் இரண்டு மணி நேரம் பார்ப்பவர்க்குத் திங்களுக்கு 60 கிகாபைட் வரை வேண்டும். கம்பிவழி இணையம் எட்டாத தோட்டங்களில் இத்தனையும் கைப்பேசி அட்டைக்குப் போட்ட பணத்திலிருந்தே போயிற்று. காட்டியவர் கேட்கவில்லை, கொண்டுவந்து சேர்த்தவர் வாங்கிக்கொண்டார். கொடுத்தவர் மட்டும் தாம் கொடுத்ததை அறியாதிருந்தார்.

ஆயின் குற்றம் எங்கே இருக்கிறது? விலையைக் கேட்டதில் இல்லை. விலையை மறைத்ததில் இருக்கிறது. கடைக்காரர் முதல் நாளே விலைப்பலகை வைத்திருந்தால், வாங்குவோர் தம் மடியைத் தடவிப் பார்த்து வாங்கியிருப்பர், இயலாதவர் விலகியிருப்பர். பலகையை மறைத்துவைத்து, மக்கள் தம் பழைய வழிகளையெல்லாம் கைவிடும் வரை காத்திருந்து, திரும்ப இடமில்லாத வேளையில் பலகையைத் திருப்பிக் காட்டுவது நேர்மையன்று. கூக்குரலில் உள்ள பாதி உண்மை இதுவே.

தோட்டத்து வீட்டில் நிகழ்ந்தது

கைவிடப்பட்ட பழைய வழிகள் யாவை? மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தோட்டங்களில் ஒரு லயத்துக்கு ஒரு பெட்டி வருவதே அருமையாயிருந்த காலம் உண்டு. பெட்டி வைத்திருந்த வீட்டின் வாசலில் லயமே அமர்ந்தது. பெட்டிக்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 24 வெள்ளி. திங்களுக்கு 2 வெள்ளியாகும் அக்கட்டணம் 1999இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சியும் அதன் வானவில் அலைவரிசையும் சந்தாவோடு வந்துவிட்டன. அந்தச் சந்தாவைக் கண்டு அஞ்சிய குடும்பங்களுக்குக் கைப்பேசியின் இலவசத் திரை வானத்திலிருந்து விழுந்த வரமாகத் தோன்றியது வியப்பன்று.

ரந்தாவ், சிலியாவ், லிங்கி வட்டாரங்களிலோ, பகாவ், ரொம்பின் பக்கத்திலோ, செம்பனைக் காட்டின் ஓரத்தில் இன்னும் தமிழர் வாழும் லயங்களில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். கணவர் குலை வெட்டுகிறார், மனைவி சிரம்பானில் ஒரு தொழிற்சாலைக்குச் செல்கிறார், பாட்டி வீட்டிலிருக்கிறார், பிள்ளைகள் இருவர் தமிழ்ப்பள்ளியில் படிக்கின்றனர். முன்பு மாலையில் வானொலி பாடிற்று. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் வந்தது. திருவிழாவுக்கு முன் தோட்ட மண்டபத்தில் நாடக ஒத்திகை நடந்தது. இலவசத் திரை வந்தபின், நால்வர் கையிலும் நான்கு திரை. பாட்டிக்குத் தொடர், மகனுக்குப் பந்தாட்டம், பேரனுக்கு விளையாட்டுப் படம், பேத்திக்குப் பாட்டு. செய்தித்தாள் நின்றது, “கைப்பேசியில்தான் எல்லாம் வருகிறதே” என்றார்கள். நாடகம் நின்றது, ஒத்திகைக்கு வர ஆளில்லை. இவை ஒன்றும் ஆணை பிறப்பித்து நிறுத்தப்படவில்லை. காசு கேட்காத ஒன்று பக்கத்திலிருந்தபோது, காசும் உழைப்பும் கேட்டவை தாமே உதிர்ந்தன.

இப்பொழுது அவ்வீட்டுக்குச் சந்தாக் கணக்கு வருகிறது. ஒரு சேவைக்குத் திங்களுக்கு 20 வெள்ளி என்று கொண்டால், இரு சேவைக்கு 40 வெள்ளி. ஆண்டுக்கு 480 வெள்ளி. பழைய உரிமக் கட்டணக் கணக்கில் இஃது இருபது ஆண்டுகளுக்குரிய தொகை. அயல்நாட்டு இணையச் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் சேவை வரியும் உண்டு. 6 விழுக்காடாயிருந்த அவ்வரி 2024 மார்ச்சு முதல் 8 விழுக்காடாயிற்று. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. ஆயினும் குடும்பம் கட்டிவிடும். பாட்டியின் தொடர் பாதியில் நிற்கிறது, பேரன் அழுகிறான். பழக்கம் வேரூன்றிய வீட்டில் பணப்பை எதிர்த்துப் பேசுவதில்லை.

அப்பணம் எங்கிருந்து வரும்? அரிசியிலிருந்து வராது, பேருந்துக் கட்டணத்திலிருந்து வராது. நூல் வாங்கும் பங்கிலிருந்து வரும். இதழ்ச் சந்தாவிலிருந்து வரும். பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடையிலிருந்து வரும். சென்னைத் தொடருக்கு 480 வெள்ளி கட்டிய குடும்பம், மலேசிய எழுத்தாளர் ஒருவரின் 25 வெள்ளிச் சிறுகதைத் தொகுப்பை நீட்டினால் “விலை அதிகம்” என்று கூறும். இத்தொகையில் அத்தகைய நூல் பத்தொன்பது வாங்கலாம் என்பது அக்குடும்பத்தின் நினைவுக்கு வாராது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனது. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், தமிழைக் காசு கொடுத்துப் படிக்கவேண்டும் என்னும் எண்ணம் வீடுகளில் தளர்ந்த காலத்திலேயே அது நின்றது என்பதை மறத்தற்கில்லை.

மறுப்போர் கூற்று

இக்கருத்தை மறுப்போர் மூவகையாக வாதிடுவர்.

“பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்கும் வாய்ப்பே இதனால்தான் கிடைக்கிறது, இதையும் குறை கூறலாமா?” என்பர் ஒருசாரார். தமிழ் காதில் விழுகிறது என்பது மெய்யே. ஆயினும் எந்தத் தமிழ்? யாருடைய வாழ்வைச் சொல்லும் தமிழ்? சென்னை வீட்டு மாமியார் மருமகள் பூசலை நாள்தோறும் கேட்கும் பிள்ளைக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியாது. மங்கு, நிரை, காண்டா, தண்டல், கிராணி என்னும் சொற்களில் தன் பூட்டன் பூட்டியின் வாழ்வு புதைந்துகிடப்பதும் தெரியாது. தன் மண்ணைக் கூறாத தமிழை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தமிழ் என்பது கடல்கடந்து வரும் சரக்கு என்றே கருதும். அது தன் வாயில் பிறக்கும் மொழி என்பதை யார் அதற்குச் சொல்வார்?

“ஏழைக்குக் கட்ட இயலாது, ஆகவே திருட்டுப் பெட்டி வாங்குவதில் தவறில்லை” என்பர் இரண்டாம் சாரார். ஒருமுறை விலைகொடுத்தால் உலகத்துப் படமெல்லாம் காட்டும் பெட்டிகள் சந்தைகளில் உலவுவதை யாவரும் அறிவர். 2022 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், இத்தகைய கருவிகளைச் செய்வோர், விற்போர், வழங்குவோர் ஆகியோர்க்கு 10,000 முதல் 2,00,000 வெள்ளி வரை தண்டமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அறம் என்ன கூறும்? பள்ளியில் பிறர் பொருளை எடுத்தல் தீது என்று கற்ற பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் தந்தை பிறர் உழைப்பைப் பெட்டி வழியே எடுப்பதைக் காண்கிறது. நாளை தமிழ் நூலை நகலெடுத்து விலையின்றிப் பரப்புவதும் அப்பிள்ளைக்குக் குற்றமாகத் தோன்றாது. திருட்டுப் பெட்டி ஏழையின் உரிமையன்று. இலவசத் தூண்டிலின் கடைசி முள் அது.

“காலத்தின் ஓட்டத்தைத் தடுக்க இயலாது” என்பர் மூன்றாம் சாரார். தடுக்கவேண்டும் என்று இங்கு யாரும் கூறவில்லை. ஆற்றைத் தடுக்க இயலாதவர்க்கும் தம் வயலுக்கு வாய்க்கால் வெட்ட இயலும். கொடுக்கும் காசு எதற்குச் செல்லவேண்டும் என்று தேர்வதே அவ்வாய்க்கால். தேராதவன் காசு, தேர்ந்தவன் சொல்லும் இடத்துக்குப் போய்விடும்.

மூத்தோர் எதற்கு விலை கொடுத்தனர்?

தோட்டத்துத் தமிழர் விலை கொடுக்க மறுத்த சமுதாயமல்லர். நாட்கூலியில் வாழ்ந்த காலத்திலேயே பெரியவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956இல் தோன்றியது. அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். பல்கலைக்கழகத்தின் படியை ஒருநாளும் மிதிக்கப்போகாத தோட்டத் தொழிலாளரும் தம் வியர்வைக் காசை அதற்கு ஈந்தனர். அக்காசு நூலாகி நின்றது.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிப் பங்குதாரராயினர். கங்காணியின் குரலுக்கு நடுங்கியவர், தோட்டத்துக்கு உடைமையாளருள் ஒருவரானார். அவர்கள் கட்டியதும் தவணைதான். இன்று கட்டப்படும் சந்தாவும் தவணைதான். அந்தத் தவணை முடிந்தபோது கையில் நிலத்தின் பங்கு இருந்தது. இந்தத் தவணை நின்றபோது கையில் என்ன இருக்கும்? கட்டிய காலமெல்லாம் பார்த்த தொடரின் ஒரு காட்சியும் வீட்டில் தங்காது. சந்தா நின்ற அன்றே திரை இருண்டுவிடும்.

தமிழ்ப்பள்ளிகளின் வரலாறும் இத்தகையதே. நெகிரி செம்பிலானில் இன்று அறுபதுக்குக் குறையாத தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டத்து மூலையில் தகரக் கூரையின்கீழ்த் தொடங்கியவை. பெற்றோர் தம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கியதாலும், விடுமுறை நாளில் மண்வெட்டி பிடித்ததாலும் நிலைத்தவை அவற்றுள் உண்டு. விலை கொடுத்ததை மக்கள் எளிதில் விட்டுவிடமாட்டார்கள். இலவசமாக வந்ததற்கு யாரும் காவல் நிற்பதில்லை.

செய்யத்தக்கன

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கன நான்கு.

முதலாவது, பொதுவுடைமையாகிய ஒளிபரப்பைக் கேட்டுப் பெறுதல். அரசாங்கத் தொலைக்காட்சியும், மின்னல் எப்.எம். வானொலியும், ஆர்.டி.எம். கிளிக் என்னும் இணையச் சேவையும் இரண்டாம் வகை இலவசங்கள். வரியாக மக்கள் முன்பே விலை கொடுத்துவிட்டவை. ஆகவே அவை பிச்சையல்ல, உரிமை. 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு பழைய ஒளிபரப்பு நாடெங்கும் நின்று இலக்கமுறை ஒளிபரப்பு வந்துவிட்டது. அதற்குரிய பெட்டியும் அலைவாங்கியும் இல்லாத தோட்டத்து வீடுகள் எத்தனை என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் கணக்கெடுக்கலாம். தமிழ் நாடகமும் சிறுவர் நிகழ்ச்சியும் மிகுதியாக வேண்டும் என்று கையொப்பமிட்டு எழுதலாம். பார்ப்பவர் இல்லை என்று காரணம் காட்டி நேரத்தைக் குறைக்க இடங்கொடாதிருக்க, முதலில் பார்க்கவும் கேட்கவும் வேண்டும். சந்தாச் சேவையின்மீது சீறுபவர், தமக்கு உரிமையான சேவையைத் திறந்தும் பாராதிருப்பது முறையாகுமா?

இரண்டாவது, கணக்குப் பார்த்தல். மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பயிற்சி தரலாம். வீட்டின் திரைச் செலவு, இணையச் செலவு, நூற்செலவு ஆகிய மூன்றையும் ஒரு திங்களுக்கு எழுதிவரச் சொல்லலாம். அது பெற்றோரை நாணச் செய்தற்கன்று. மறைந்திருந்த விலைப்பலகையைத் திருப்பி வைத்தற்கே. பெருக்கலும் கூட்டலும் கற்ற பிள்ளை, “இலவசம்” என்னும் சொல்லைக் கண்டதும் “யார் கொடுக்கிறார்? எதற்குக் கொடுக்கிறார்? எதுவரை கொடுப்பார்?” என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பக் கற்கட்டும். வாழ்நாளெல்லாம் உதவும் பாடம் அது.

மூன்றாவது, தேர்ந்து விலை கொடுத்தல். சந்தா கட்டவே கூடாதென்பதன்று. ஒன்றைக் கட்டுவோர் மற்றொன்றை விடட்டும். விட்டதன் பாதியையேனும் இந்நாட்டுத் தமிழ் நூலுக்கும் இதழுக்கும் நாடகத்துக்கும் ஒதுக்கட்டும். மலேசியக் கலைஞர் எடுக்கும் படத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கட்டும். நூல் வெளியீட்டுக்கு வந்து மாலையும் பொன்னாடையும் அணிவித்துவிட்டு, நூலை அன்பளிப்பாகக் கேட்டுப் பெறும் பழக்கம் கற்றவரிடையே இருக்கிறது. அதுவும் இலவச நோயே. ஆசிரியர் அதனை விட்டால்தான் மாணவர் விடுவர்.

நான்காவது, மண்டபத்தை மீண்டும் திறத்தல். ஆண்டுக்கு ஒரு நாடகமேனும் பள்ளியில் அரங்கேறட்டும். தோட்டத்து முதியோர் வாழ்க்கையைப் பிள்ளைகள் கேட்டெழுதி, அதனையே காட்சியாக்கட்டும். பிள்ளைகளின் வேட்கையை வளர்த்த கைப்பேசியே அதனைப் பதிவு செய்யும் கருவியாகட்டும். பேரன் தன் கைப்பேசியைப் பாட்டியின் முகத்துக்கு நேரே பிடித்து, “நீங்கள் பெரட்டுக்குப் போன முதல் நாளைச் சொல்லுங்கள், பாட்டி” என்று கேட்கட்டும். அந்தக் காட்சிக்கு எந்த நிறுவனமும் சந்தா கேட்க இயலாது. பாட்டி மறைந்த பின்னும் அது வீட்டில் இருக்கும்.

இணையத் திரை வந்துவிட்டது; இனிப் போகாது. அதன் விலைப்பலகையும் தெரிந்துவிட்டது. அதுவும் ஒருவகையில் நன்மையே. மறைந்திருந்த விலையைவிடக் கண்முன் நிற்கும் விலை நல்லது, கண்டபின் தேர்ந்தெடுக்கலாமன்றோ? தொழிலாளர் பெற்ற கூலி கால்வயிற்றுக்கும் போதாத நாளில் பல்கலைக்கழகத் தமிழுக்கு ஒரு வெள்ளி ஈந்த கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். தமிழ் விலையின்றி வருவது என்று அவர்களை நம்பவைத்தது ஒரு பத்தாண்டுப் பழக்கம். விலை கொடுத்துக் காக்கப்பட்ட மொழி அது என்று எடுத்துரைக்க, ஆசிரியர்க்கு நாள்தோறும் ஒரு தமிழ்ப் பாடவேளை இருக்கிறது. அதற்கு யாரிடமும் சந்தா கட்டவேண்டியதில்லை.